இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விமான டிக்கெட் எடுக்கும் முன் பலரும் தேடிப் பார்ப்பது இரண்டு எண்களை: எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம். முதல் எண் என்றைக்கும் ஒன்றுதான். இரண்டாவது எண் காற்று, பாதை, அன்றைய நெரிசல் எல்லாவற்றையும் பொறுத்து மாறிக்கொண்டே இருக்கும். தூரத்தைப் பார்த்து நேரத்தை முடிவுசெய்துகொண்டு, அடுத்த விமானத்தை நெருக்கமாகப் போட்டுவிட்டு அவதிப்படுபவர்கள் நிறைய. அதனால்தான் இங்கே நேரத்தைப் பற்றிய பதில்கள் நீளமாக இருக்கின்றன.

இணையதளங்களில் காட்டப்படும் தூரம் எந்தத் தூரம்?

பூமியின் மேற்பரப்பை ஒட்டி, இரண்டு புள்ளிகளுக்கு இடையே இருக்கக்கூடிய மிகக் குறுகிய தூரம். இதைப் பெருவட்டத் தூரம் என்பார்கள். ஓர் உலக உருண்டையை எடுத்து, இரண்டு ஊர்களுக்கும் இடையே ஒரு நூலை இறுக்கிப் பிடித்தால் நூல் எந்த வழியாகப் போகிறதோ அதுதான் பெருவட்டப் பாதை. ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் அதிகாரபூர்வமாக ஒரு குறிப்புப் புள்ளி உண்டு. பொதுவாக ஓடுபாதைகளின் நடுப்பகுதியை ஒட்டி இருக்கும். அந்தப் புள்ளியிலிருந்து அடுத்த நிலையத்தின் புள்ளி வரை அளக்கிறார்கள். உங்கள் வீட்டிலிருந்தோ, நகரத்தின் மையத்திலிருந்தோ அளப்பதில்லை.

அதை நாமே கணக்குப் போட முடியுமா?

தாராளமாக முடியும். பள்ளிக்கூட முக்கோணவியலும் ஒரு கால்குலேட்டரும் போதும். லண்டன் ஹீத்ரோவையும் நியூயார்க் ஜான் எஃப். கென்னடி நிலையத்தையும் எடுத்துக்கொள்வோம். ஹீத்ரோ 51.47 டிகிரி வடக்கு, 0.45 டிகிரி மேற்கு. கென்னடி 40.64 டிகிரி வடக்கு, 73.78 டிகிரி மேற்கு. தீர்க்கரேகை வித்தியாசம் 73.33 டிகிரி.

முதலில் இரண்டு அட்சரேகைகளின் சைன் மதிப்புகளைப் பெருக்குங்கள்: 0.7823 × 0.6513 = 0.5095. பிறகு இரண்டின் கோசைன் மதிப்புகளையும், தீர்க்கரேகை வித்தியாசத்தின் கோசைனையும் பெருக்குங்கள்: 0.6229 × 0.7588 × 0.2869 = 0.1356. இரண்டையும் கூட்டினால் 0.6451. எந்தக் கோணத்தின் கோசைன் இது என்று பார்த்தால் 49.83 டிகிரி வரும். பூமியின் சராசரி ஆரம் 6,371 கி.மீ. என்று வைத்தால் ஒரு டிகிரிக்கு 111.195 கி.மீ. ஆக, தூரம் ஏறத்தாழ 5,540 கி.மீ.

ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள். திரையில் தெரியும் எண் எங்கிருந்து வருகிறது என்பது பிறகு மறக்காது. மிக அருகருகே இருக்கும் நிலையங்களுக்கு இந்த வழியில் தசமப் பிழை வரலாம். அதற்காகத்தான் நிரல் எழுதுபவர்கள் ஹாவர்சைன் சூத்திரத்தைப் பயன்படுத்துகிறார்கள். விடை ஒன்றுதான்.

ஒரு தளத்தில் 5,540 என்றும் இன்னொன்றில் 5,555 என்றும் இருக்கிறதே, எது சரி?

இரண்டும் சரிதான், பூமியை எப்படி வைத்துக்கொண்டார்கள் என்பதில்தான் வித்தியாசம். பூமி முழு உருண்டை அல்ல. நிலநடுக்கோட்டில் அதன் ஆரம் 6,378 கி.மீ., துருவத்தில் 6,357 கி.மீ. மேலே நாம் போட்டது முழு உருண்டைக் கணக்கு. துருவங்களில் சற்றுத் தட்டையான உருவத்தை வைத்து, 1975-இல் வின்சென்டி வெளியிட்ட முறை போன்றவற்றால் கணக்கிட்டால் இதே ஜோடிக்குச் சுமார் 5,555 வரும். இந்த வேறுபாடு பொதுவாக அரை சதவீதத்துக்குள் அடங்கிவிடும். பயணிக்கு அது பொருட்டே இல்லை.

அதைவிடப் பெரிய வித்தியாசம் வந்தால் காரணம் வேறு. ஒன்று, நகரம் ஒன்றாக இருந்து விமான நிலையம் வேறாக இருக்கும். லண்டனுக்கு ஹீத்ரோ தவிர கேட்விக், ஸ்டான்ஸ்டெட், லூட்டன், சிட்டி என்று இருக்கின்றன. அல்லது ஊர்ப்பெயரே குழப்பும்: ஆஸ்திரேலியாவில் ஒரு சிட்னி, கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் இன்னொரு சிட்னி. பெயரைப் போட்டுத் தேடாமல் விமான நிலையத்தின் மூன்றெழுத்துக் குறியீட்டைப் போட்டுத் தேடுவதே பாதுகாப்பு. இரண்டு சிட்னிகளுக்கும் குறியீடு வேறுவேறு.

மைல், நாட்டிக்கல் மைல் – எது எவ்வளவு?

சாதாரண மைல் 1.609 கி.மீ. விமானிகளும் மாலுமிகளும் பயன்படுத்தும் நாட்டிக்கல் மைல் சரியாக 1.852 கி.மீ.; அட்சரேகையில் ஒரு டிகிரியின் அறுபதில் ஒரு பங்குக்குக் கிட்டத்தட்டச் சமம். மணிக்கு ஒரு நாட்டிக்கல் மைல் என்பதுதான் ஒரு நாட் வேகம். விமான நிறுவனங்கள் பயணிகளுக்குத் தரும் ‘மைல்’ புள்ளிகள் தூரத்தை வைத்துத் தரப்பட்டால், அது பெரும்பாலும் சாதாரண மைல்.

வரைபடத்தில் விமானம் ஏன் வளைந்து வளைந்து போகிறது?

வளைந்திருப்பது வரைபடம்தான், பாதை அல்ல. நாம் அதிகம் பார்க்கும் தட்டை வரைபடம் 1569-இல் வரைபட வல்லுநர் மெர்கேட்டர் வகுத்த முறையில் வந்தது. கடலில் ஒரே திசையைப் பிடித்துப் போக அது உதவும். ஆனால் துருவத்தை நெருங்க நெருங்க நிலத்தை ஊதிப் பெரிதாக்கிக் காட்டும். கிரீன்லாந்தைப் போல் ஏறத்தாழ 14 மடங்கு பெரிய ஆப்பிரிக்கா, அதில் கிரீன்லாந்து அளவே தெரியும்.

டோக்கியோவும் நியூயார்க்கும் ஏறக்குறைய ஒரே அட்சரேகைப் பட்டையில் இருக்கின்றன. வரைபடத்தைப் பார்த்தால் பசிபிக்கின் குறுக்கே நேர்கிழக்காகப் போவதுதான் குறுக்குவழி என்று தோன்றும். அப்படிப் போனால் சுமார் 12,800 கி.மீ. வடக்கே ஏறி அலாஸ்காவின் மேலாகப் போகும் பெருவட்டப் பாதையோ 10,900 கி.மீ.க்குள் முடிந்துவிடும்.

அப்படியானால் விமானம் அந்தப் பெருவட்டத்திலேயே பறக்குமா?

அபூர்வமாகத்தான். முதலில், காற்றை எதிர்த்துத்தான் மேலேறுவார்கள். கிழக்கே போகவேண்டிய விமானம் மேற்கு நோக்கிக் கிளம்பி, அந்த நிலையத்துக்கென வகுத்த பாதையில் சுற்றிக்கொண்டு திரும்பும். இறங்கும்போதும் இதே கதை. ராணுவ வான்பகுதிகளைச் சுற்றிப் போகவேண்டும், இடிமேகங்களைத் தவிர்க்கவேண்டும். இவையெல்லாம் சேர்ந்து சாதாரண நாளில் தூரத்தைச் சில சதவீதம் கூட்டும்.

அரசியல் கூட்டுவது இதைவிடப் பெரிது. 2022 பிப்ரவரிக்குப் பிறகு ரஷ்ய வான்வெளி ஐரோப்பிய நிறுவனங்களுக்கு மூடப்பட்டது. ஹெல்சின்கியிலிருந்து டோக்கியோவுக்கு ஒன்பதரை மணி நேரத்தில் போய்க்கொண்டிருந்த ஃபின்னேர் விமானங்கள் சுமார் 13 மணி நேரம் பறக்க வேண்டியதாயிற்று. சில வட துருவத்தைச் சுற்றியே போயின. பெருவட்டத் தூரம் ஒரு கிலோமீட்டர்கூட மாறவில்லை, பயணம் மட்டும் மூன்றரை மணி நேரம் நீண்டது. தூரத்தை மட்டும் பார்த்து நேரத்தைச் சொல்லக்கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியாது.

நிலமும் கட்டுப்படுத்தும். திபெத் பீடபூமியின் மேல் பயணிகள் விமானங்கள் குறைவாகவே பறக்கின்றன. கேபினில் காற்றழுத்தம் போனால் விமானம் உடனே 3 கி.மீ. உயரத்துக்கு இறங்கவேண்டும், அங்கே தரையே 4 கி.மீ.க்கு மேல். கடலுக்கு வேறொரு விதி: இரண்டு எஞ்சின் விமானம், ஒரு எஞ்சின் நின்றாலும் குறிப்பிட்ட நேரத்துக்குள் ஏதாவது ஒரு நிலையத்தை எட்டும்படி பாதையை வைத்துக்கொள்ளவேண்டும். 1985-இல் அந்த வரம்பு 120 நிமிடமாக உயர்ந்தபோதுதான் அட்லாண்டிக்கில் இரட்டை எஞ்சின் விமானங்கள் பெருகின. இன்று ஏர்பஸ் ஏ350-க்கு 370 நிமிடம் வரை அனுமதி இருப்பதால் இந்தச் சுற்று வெகுவாகக் குறைந்துவிட்டது.

11 கி.மீ. உயரத்தில் பறப்பதால் தூரம் கூடாதா?

கூடும், ஆனால் கண்டுகொள்ளவேண்டிய அளவுக்கு இல்லை. 6,371-இல் 11 என்பது 0.17 சதவீதம். பத்தாயிரம் கிலோமீட்டர் பயணத்துக்கு 17 கி.மீ., அதாவது ஒரு நிமிடத்துக்குச் சற்று அதிகம்.

பயணிகள் விமானத்தின் வேகம் எவ்வளவு?

பெரிய ஜெட் விமானங்கள் ஒலியின் வேகத்தில் 78 முதல் 85 சதவீதம் வரையிலான வேகத்தில் பறக்கும். அந்த உயரத்துக் குளிரில் ஒலியின் வேகமே மணிக்கு 1,060 கி.மீ. அளவுக்குக் குறைந்துவிடுவதால், இது மணிக்கு 830 முதல் 900 கி.மீ. வரை வரும். சிறிய ஊர்களுக்குப் போகும் ஏடிஆர் 72 போன்ற விசிறி விமானங்கள் சுமார் 500. ஒலியை மிஞ்சிய கான்கார்டு, 1996 பிப்ரவரி 7 அன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 2 மணி 52 நிமிடம் 59 வினாடியில் வந்தது. அது ஓய்வுபெற்ற பிறகு பயணிகள் சேவையில் அந்த வேகத்தை இன்றுவரை யாரும் தொடவில்லை.

போகும்போது எட்டு மணி நேரம், வரும்போது ஏழு. அதே தூரம்தானே?

தரையில் அதே தூரம். ஆனால் விமானம் காற்றுக்குள் பறக்கிறது, அந்தக் காற்றும் நகர்கிறது. நடு அட்சரேகைகளில், விமானங்கள் பறக்கும் அதே உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் ஸ்ட்ரீம் என்னும் வேகக் காற்றோட்டம் ஓடுகிறது. நூறு, இருநூறு கிலோமீட்டர் வேகம் அதற்குச் சாதாரணம்; குளிர்காலத்தில் இன்னும் பலக்கும். கிழக்கே போகும் விமானத்துக்கு அது துணை, மேற்கே போகும் விமானத்துக்குத் தடை.

2020 பிப்ரவரியில் கியாரா புயலின்போது, நியூயார்க்கிலிருந்து கிளம்பிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747 ஒன்று 4 மணி 56 நிமிடத்தில் ஹீத்ரோவில் இறங்கியது. தரையைப் பொறுத்து அதன் வேகம் ஒரு கட்டத்தில் மணிக்கு 1,327 கி.மீ. அப்படியானால் ஒலியின் வேகத்தை மிஞ்சிவிட்டதா என்று அப்போது பலர் கேட்டார்கள். இல்லை. தன்னைச் சுற்றியிருந்த காற்றைப் பொறுத்தவரை அது வழக்கமான வேகத்தில்தான் பறந்தது.

போகும்போது இழந்ததை வரும்போது ஈடுகட்டிவிடலாம் என்று நினைப்பதும் தவறு. 5,400 கி.மீ. தூரம், 900 கி.மீ. வேகம், காற்றே இல்லை என்று வையுங்கள்: போக 6 மணி, வர 6 மணி, மொத்தம் 12. இப்போது 100 கி.மீ. காற்றைச் சேருங்கள். துணைக்காற்றில் வேகம் 1,000, நேரம் 5 மணி 24 நிமிடம். எதிர்க்காற்றில் வேகம் 800, நேரம் 6 மணி 45 நிமிடம். மொத்தம் 12 மணி 9 நிமிடம். மெதுவாகப் போகும் பக்கத்தில் காற்று அதிக நேரம் பிடித்துவைப்பதால், போகவரக் கூட்டினால் எப்போதும் நஷ்டம்தான்.

அதனால்தான் வட அட்லாண்டிக்கில் அன்றன்றைய காற்றைப் பார்த்துப் பாதைகளை வகுக்கிறார்கள். கிழக்கே போகும்போது 200 கி.மீ. தள்ளிச் சுற்றினாலும் நல்ல துணைக்காற்று கிடைத்தால் நேரமும் எரிபொருளும் மிச்சம். நீளமான பாதை சீக்கிரம் கொண்டுசேர்க்கும் நாட்கள் உண்டு.

பூமி சுழல்வதால்தான் இந்த வித்தியாசம் என்கிறார்களே?

நேரடியாக இல்லை. பூமியோடு சேர்ந்து காற்று மண்டலமும் சுழல்கிறது. விமானம் கீழே பூமி நகரட்டும் என்று மேலே காத்திருக்க முடியாது. ஜெட் ஸ்ட்ரீம் கிழக்கு நோக்கி ஓடுவதற்குப் பூமியின் சுழற்சியும் ஒரு காரணம் என்ற அளவில் மட்டும் அதற்குப் பங்கு உண்டு.

டிக்கெட்டில் உள்ள நேரம் வானில் பறக்கும் நேரமா?

இல்லை. விமானம் நிறுத்துமிடத்திலிருந்து நகரத் தொடங்கும் நேரத்திலிருந்து, போய்ச் சேர்ந்த இடத்தில் நிற்கும் நேரம் வரை. ஓடுபாதை வரை ஊர்ந்து போவதும், வரிசையில் நிற்பதும், இறங்கிய பிறகு கேட்டுக்குப் போவதும் இதில் அடக்கம். நெரிசலான நிலையங்களில் இதற்கே அரை மணி நேரத்துக்கு மேல் போகலாம்.

அதோடு, நிறுவனங்கள் அட்டவணையில் கொஞ்சம் நேரத்தைக் கூட்டியே போடுகின்றன. தாமதமாகக் கிளம்பிய விமானம் சொன்ன நேரத்துக்கு வந்து சேர்வது பெரும்பாலும் இதனால்தான். அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் கணக்கில் 15 நிமிடத்துக்குள் வந்துவிட்டால் அது தாமதமே அல்ல.

‘வந்து சேர்ந்தது’ என்பது எந்தக் கணம் என்பதில் ஐரோப்பாவில் வழக்கே நடந்திருக்கிறது. சக்கரம் தரையைத் தொட்ட நேரம் அல்ல, பயணிகள் இறங்க ஒரு கதவாவது திறந்த நேரமே வருகை நேரம் என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்தது. உள்ளே அடைபட்டிருக்கும் வரை பயணி வந்து சேரவில்லை என்ற அந்தப் பார்வை எனக்கு முழுக்க நியாயமாகப் படுகிறது.

சரி, தூரத்தை வைத்து தோராயமாகவாவது நேரம் சொல்லலாமா?

ஜெட் விமானம் என்றால் கிலோமீட்டரை 850-ஆல் வகுத்து, அரை மணி நேரம் கூட்டுங்கள். அந்த அரை மணி மேலேறவும் இறங்கவும் ஆகும் மெதுவான நேரத்துக்கும் தரையில் ஊர்வதற்கும். 5,540-ஐ வகுத்தால் ஆறரை, கூட்டினால் ஏழு மணி நேரம். நீண்ட கிழக்குப் பயணத்தில் இதில் அரை மணி குறையலாம், மேற்கே போனால் ஒரு மணி கூடலாம்.

ஆயிரம் கிலோமீட்டருக்குள் இந்தக் கணக்கு தடுமாறும். அங்கே தரையில் போகும் நேரத்தின் பங்கு அதிகம். ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில் வெஸ்ட்ரேயிலிருந்து பாப்பா வெஸ்ட்ரேக்குப் போகும் சேவைக்குத் தூரம் 2.7 கி.மீ. அட்டவணையில் 2 நிமிடம். நல்ல காற்றில் ஒரு நிமிடத்துக்குள்ளேயே பறந்திருக்கிறார்கள்.

எதிர்முனையில் நீண்ட பயணம் எது?

சிங்கப்பூர் – நியூயார்க். 15,300 கி.மீ.க்கு மேல், பதினெட்டரை மணி நேரத்தைத் தாண்டும். பூமியில் எந்த இரண்டு புள்ளிகளுக்கும் இடையே அதிகபட்சத் தூரம் சுமார் 20,000 கி.மீ.தான் என்பதால், இடைநில்லாப் பயணம் அதில் முக்கால் பங்கை எட்டிவிட்டது.

புறப்படும் நேரத்தையும் சேரும் நேரத்தையும் கழித்தால் பயண நேரம் வராதா?

இரண்டும் அந்தந்த ஊரின் கடிகார நேரம், அதனால் வராது. இரண்டையும் முதலில் உலகப் பொது நேரத்துக்கு (UTC) மாற்றுங்கள். ஜனவரி 10 இரவு 11.50-க்குச் சிங்கப்பூரில் கிளம்பி, ஜனவரி 11 காலை 5.30-க்கு நியூயார்க் சேர்வதாக வைப்போம். நேராகக் கழித்தால் 5 மணி 40 நிமிடம். சிங்கப்பூர், உலகப் பொது நேரத்துக்கு 8 மணி முன்னே, எனவே கிளம்பியது பிற்பகல் 3.50. நியூயார்க் குளிர்காலத்தில் 5 மணி பின்னே, எனவே சேர்ந்தது மறுநாள் காலை 10.30. உண்மையான நேரம் 18 மணி 40 நிமிடம்.

கோடைகால நேர மாற்றம் இன்னொரு பொறி. அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறன்று மாறுகிறது, ஐரோப்பா அதே மாதக் கடைசி ஞாயிறன்று. இடைப்பட்ட இரண்டு மூன்று வாரங்களுக்கு லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் வித்தியாசம் ஐந்து மணி அல்ல, நான்கு. நேபாளம் போன்ற இடங்களில் கால் மணிக் கணக்கும் வரும்.

கடந்தால் தேதியே ஒரு நாள் மாறும் தேதிக்கோடு பற்றியும் ஒரு வார்த்தை. பசிபிக் தீவு நாடான சமோவா 2011 டிசம்பர் 30-ஐ நாட்காட்டியிலிருந்தே விட்டுவிட்டுக் கோட்டின் மறுபக்கம் மாறியது. அதன் தலைநகர் ஆப்பியாவிலிருந்து, பக்கத்திலேயே இருக்கும் அமெரிக்க சமோவாவின் பாகோ பாகோவுக்குச் சனிக்கிழமை காலை கிளம்பினால், முக்கால் மணி நேரத்துக்குள் வெள்ளிக்கிழமை காலையில் இறங்குவீர்கள்.

‘நேரடி விமானம்’ என்றால் எங்கும் நிற்காதா?

நிற்கலாம். ஒரே விமான எண்ணில் நடுவில் ஓர் ஊரில் இறங்கி ஏறும் சேவையையும் நேரடி என்றே விற்பார்கள். பதிவு செய்யும்போது ‘நிறுத்தங்கள்: 0’ என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

வழியில் மாறிப் போனால் இரண்டு தூரங்களையும் கூட்டவேண்டுமா?

எதற்காகக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பறக்கும் நேரத்துக்குக் கூட்டத்தான் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் தாமத இழப்பீட்டு விதியிலோ, 1,500 கி.மீ., 3,500 கி.மீ. என்று தூர வரம்புகள் உண்டு. ஒரே பதிவில் மாறிப் போனால், கிளம்பிய நிலையத்துக்கும் கடைசி நிலையத்துக்கும் இடையிலான பெருவட்டத் தூரத்தையே கொள்ளவேண்டும் என்று 2017-இல் தீர்ப்பானது. நடுவில் எவ்வளவு சுற்றினாலும் கணக்கில் வராது.

கடைசியில் எந்த நேரத்தை நம்பித் திட்டமிடுவது?

தூரத் தளம் தரும் நேரத்தை நம்பாதீர்கள். அது வெறும் வகுத்தல் கணக்கு. அட்டவணை நேரத்தைப் பாருங்கள். அதைவிட நல்லது, ஃப்ளைட்ரேடார்24, ஃப்ளைட்அவேர் போன்ற தளங்களில் அதே விமான எண் கடந்த சில நாட்களில் உண்மையில் எப்போது கிளம்பி எப்போது சேர்ந்தது என்று பார்ப்பது. அதில் மிக வேகமான நாளையோ சராசரியையோ எடுத்துக்கொள்ளாமல், மோசமான நாட்களைப் பாருங்கள். அந்த நாளிலும் அடுத்த விமானத்தைப் பிடிக்க முடியுமா என்பதுதான் கேள்வி. நீங்கள் போகப்போவது ஜனவரியில் என்றால் ஜூலை நிலவரம் உதவாது.

இரண்டு விமானங்களும் ஒரே பதிவில் இருந்தால், முதலாவது தாமதித்து இரண்டாவது போய்விட்டாலும், மாற்று ஏற்பாடு செய்வது நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனி டிக்கெட் என்றால் அந்தப் பொறுப்பு உங்களுடையது. பெட்டியை எடுத்து மறுபடி செக்-இன் செய்யவேண்டும், குடியேற்றச் சோதனையையும் தாண்டவேண்டியிருக்கலாம். தனி டிக்கெட்டில் இரண்டு மணி நேர இடைவெளி வைத்துக்கொண்டு நீண்டதூர விமானத்தில் வந்து இறங்குவதை நான் யாருக்கும் பரிந்துரைக்கமாட்டேன். நான்கைந்து மணி நேரமாவது விடுங்கள்.

இருக்கை முன்னுள்ள திரையில் ‘மீதி நேரம்’ குறையாமல் திடீரென்று கூடுகிறதே, ஏன்?

எதிர்க்காற்று எதிர்பார்த்ததைவிடப் பலத்திருக்கலாம், அல்லது விமானத்தை வேறு பாதைக்குத் திருப்பியிருக்கலாம். சேரவேண்டிய ஊர் பக்கத்தில் தெரிந்தும் நேரம் கூடினால், இறங்க வரிசை இருக்கிறது, உங்கள் விமானம் வானில் வட்டமிட்டுக் காத்திருக்கிறது என்று பொருள். ஹீத்ரோ போன்ற இடங்களில் இது அன்றாடம் நடப்பது. காத்திருப்பதற்கான எரிபொருளையும் கணக்கிட்டே விமானத்தில் ஏற்றியிருப்பார்கள்.